மீன்தொட்டிக்கு எந்த விளக்கு

என் வயதுக்காரிகளே, உங்களில் பாதிப் பேருக்குக் கண்ணில் புரை எடுத்தாயிற்று. மீதிப் பேர் எடுக்கப் பயந்துகொண்டு மகனிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஆகவே ஒருத்தி கண்ணைப் பற்றிப் பேசினால் எழுந்து போகமாட்டீர்கள் என்ற தைரியத்தில் இதைச் சொல்லுகிறேன்.

போன மாதம் என் மகன் ஒரு மீன்தொட்டி வாங்கி வந்தான். உள்ளே செடி நடவேண்டுமாம். அதற்கு வெள்ளைக் குழல்விளக்கு நல்லதா, மஞ்சள் பல்பு நல்லதா, மேலே மாட்டுவதா, பக்கத்தில் வைப்பதா என்று கடைக்காரனோடு அரைநாள் பேசிவிட்டு வந்து, "நீங்க என்னம்மா சொல்லுதிய?" என்று என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டான். மரியாதைக்குக் கேட்டதுதான். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எந்த விளக்குன்னாலும் வை, என்கிட்ட கேக்காத" என்று எழுந்து போய்விட்டேன். பாவம், அவன் என்ன செய்வான். அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீடு இராஜாக்கமங்கலத்தில். அப்பா பஸ் டிரைவர். நாகர்கோவிலுக்கும் எங்கள் ஊருக்கும் ஓடிய ஒரே வண்டி அவர் ஓட்டியதுதான். மரத்தால் கட்டிய வண்டி, இருபது பேர் உட்காரலாம். அதில் கண்டக்டர் என் மாமன், அம்மாவின் உடன்பிறந்த தம்பி. மாமன் எங்கள் வீட்டில்தான் இருந்தார். காலையில் இருவரும் ஒன்றாகப் போவார்கள். இருட்டியபின் ஒன்றாக வருவார்கள். மாமன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவார். மச்சான்களுக்குள் என்ன பிரியம் பார் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா அதற்கு முன் கொழும்பில் ஒரு துரைக்குக் கார் ஓட்டியவர். அந்தப் பங்களாவில் கண்ணாடித் தொட்டிக்குள் செடி வளர்த்து மீன் விட்டிருந்ததைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஒரு நாள் பஸ்ஸின் முன்கண்ணாடி கல்பட்டு விரிசல் விட்டுவிட்டது. முதலாளி வேறு கண்ணாடி போட்டார். பழையதில் நல்ல பாகத்தை அப்பா கேட்டு வாங்கி, அறுத்து, கொல்லரிடம் இரும்புச் சட்டம் அடித்து, சுண்ணாம்புப்பொடியில் எண்ணெய்விட்டுப் பிசைந்த மக்கை விரலால் அப்பி ஒரு தொட்டி செய்தார். முதல் வாரம் அது ஒழுகாத நாள் இல்லை. அம்மா கீழே பானையை வைத்து, "மீனு வளக்க முந்தி பானைதான் வளருகு" என்பாள்.

குளத்திலிருந்து வேலம்பாசியும், ஒரு ஆம்பல் கிழங்கும், வயல் வாய்க்காலிலிருந்து ஐந்து மீன்களும் வந்தன. விரல் நீளம்கூட இல்லாத மீன். தலையில் ஒரு வெள்ளிப்பொட்டு இருக்கும். நெத்திப்பொட்டான் என்போம். அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். ஏனென்றால் அப்பா அம்மனுக்கு நேர்ச்சை வைத்திருந்தார். மீன், இறைச்சி, முட்டை, பால், மோர் எதுவும் தொடமாட்டார். மூன்று வருஷமாக மரச்சீனிக் கிழங்கும் சோறும் தேங்காய்த் துவையலும்தான். "திங்க முடியாதவரு பாத்தாவது பசியாறட்டும்" என்றாள் அடுத்த வீட்டு அக்கா. எதற்காக நேர்ச்சை என்று நான் கேட்டதில்லை. அந்தக் காலத்துப் பெரியவர்கள் ஆளுக்கொரு நேர்ச்சை வைத்திருந்தார்கள். யார் கணக்குப் பார்த்தார்கள்?

முதலில் தொட்டியைச் சன்னலோரம் வைத்தோம். வெயில் நேராக அடித்ததில் பத்தே நாளில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. உள்ளே இழுத்து வைத்தால் பாசி வெளிச்சத்தைத் தேடி ஒருபக்கமாகச் சாய்ந்து, அடியில் அழுகியது. கடைசியில் அப்பா கூரையில் இரண்டு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு பதித்தார். அது சரியாக வந்தது. உச்சிவேளையில் ஒரு சதுர வெளிச்சம் தண்ணீருக்கு மேல் விழும். பாசியின் ஒவ்வொரு இலையிலிருந்தும் குண்டூசித் தலை அளவுக் குமிழ்கள் வரிசையாக மேலே ஏறும். ஞாயிற்றுக்கிழமை நான் சோற்றை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். செடிக்கு அதற்குமேல் வெளிச்சம் வேண்டியதில்லை என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்கே தெரிந்தது.

அப்பாவுக்கு மட்டும் போதவில்லை. வேலை முடிந்து வந்ததும் கால் கழுவிவிட்டு நேரே தொட்டி முன்னால் உட்காருவார். அப்போது பக்கத்தில் பித்தளை நிலவிளக்கில் திரி எரியும். "வெளிச்சம் பத்தாது. செடி வாடுகு" என்பார். அடுத்த வாரம் சிம்மினி விளக்கு வந்தது. பிறகு ராந்தல். பிறகு இரண்டு ராந்தல், பக்கத்துக்கு ஒன்று. பிறகு பஸ்ஸின் பழைய பாட்டரியையும் முகப்பு விளக்குப் பல்பையும் கொண்டுவந்து தொட்டிமேல் கட்டினார். எங்கள் தெருவில் மின்சாரம் எரிந்த முதல் வீடு அதுதான். பார்க்கக் கூட்டம் கூடியது. அப்பா தலையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம்ஹூம். நெத்திப்பொட்டு தெரியணும். அது தெரிஞ்சாத்தான் வெளிச்சம் சரின்னு அர்த்தம்" என்றார். எங்களுக்கெல்லாம் பொட்டு நன்றாகத் தெரிந்தது. அப்பாவுக்குத் தொட்டி விஷயத்தில் அவ்வளவு நறுவிசு என்று எண்ணினோம்.

அம்மா மட்டும் ஒருநாள், "செடி பகல்ல நல்லாத்தானே நிக்குது. ராத்திரி அதையும் கொஞ்சம் ஒறங்க விடுங்க" என்றாள். அப்பா பல்பை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கட்டினார்.

ஒரு சனிக்கிழமை, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் கேஸ்லைட் ஒன்றை வாங்கி வந்தார். காற்றடித்து ஏற்றினால் வீடே பகலாகும். அதைத் தொட்டியின் மூடிமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. "தெரியுகு மக்கா. அஞ்சும் தெரியுகு. பொட்டும் தெரியுகு" என்றார். கன்னமெல்லாம் தண்ணீர். நான் எண்ணெய்ப் புகை என்று நினைத்து விசிறி எடுத்து வந்து வீசினேன். நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கேஸ்லைட்டின் சூட்டில் தண்ணீர் வெந்துவிட்டது போலும். மறுநாள் மத்தியானத்துக்குள் ஐந்து மீனும் மல்லாந்துவிட்டன. ஞாயிறு என்றாலும் அப்பாவுக்கு வேலை உண்டு. நானும் அம்மாவும் மீன்களை எடுத்துக் கொல்லையில் புதைத்தோம். கேஸ்லைட்டையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. "அப்பா வந்ததும் நான் சொல்லட்டா?" என்றேன். "சாப்பிட்ட பொறவு நான் சொல்லிக்கிடுதேன், நீ வாய மூடு" என்றாள் அம்மா.

அன்று ராந்தல் மட்டும்தான். அப்பா கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீன் எங்கே என்று இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்றிருந்தேன்.

"ஏட்டி, இங்க வா" என்றார். போனேன். என் தோளில் கை போட்டுக்கொண்டார். "பாத்தியா, அஞ்சும் என்ன ஓட்டம் ஓடுகுன்னு. அந்தப் பெரியவன் இருக்கானே, அவன் பொட்டப் பாரு. இந்த ராந்தலே போதும் போலிருக்கு."

தொட்டியில் தண்ணீரும் பாசியும்தான் இருந்தன.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண் தொட்டியைப் பார்த்துத்தான் இருந்தது. விளையாடுகிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி, விளையாட்டில்லை என்று தெரிந்துவிட்டது. அடுக்களை வாசலில் அம்மா நின்றாள். அப்பா சொன்னது அவள் காதிலும் விழுந்தது. ஆனால் அவள் முகத்தில் திகைப்பு இல்லை. வாயில் விரலை வைத்து என்னைப் பேசாதே என்றாள். அப்பா மனம் வருந்தக் கூடாதென்று சொல்கிறாள் என எடுத்துக்கொண்டேன்.

அவ்வளவு விளக்கும் செடிக்கு இல்லை. தன் கண்ணைத் தினமும் அவர் அந்தத் தொட்டியில் வைத்துப் பரீட்சை பார்த்திருக்கிறார். பகலில் எல்லோரையும்போலப் பார்ப்பார். பொழுது மயங்கினால் ஒன்றும் தெரியாது. அது எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. கடைசி வண்டி நாகர்கோவிலில் ஆறேகாலுக்குப் புறப்படும்.

நான் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தேன். நாலு மணி வண்டியில் வீடு திரும்புவேன். "மயங்கின நேரத்து வண்டியில ஏறப்பிடாது, பொம்பளப்பிள்ளைக்கு ஆகாது" என்பது அம்மாவின் கட்டளை. திங்கட்கிழமை நான் வேண்டுமென்றே நாலு மணி வண்டியை விட்டுவிட்டு, ஆறேகால் வண்டியில் ஏறிப் பின்வரிசையில் ஒரு மீன்கார அம்மையின் கூடைக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தேன்.

கோட்டாறு தாண்டுவதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. மாமன் டிக்கெட்டெல்லாம் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய், அப்பாவின் இருக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டார். விரல் முட்டியால் பலகையில் தட்டத் தொடங்கினார். ஒரு தட்டு. வண்டி இடப்பக்கம் திரும்பியது. இரண்டு தட்டு. வலப்பக்கம். விடாமல் தட்டினால் பிரேக். நடுநடுவே ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டார்.

"கண்டக்டருக்கு இன்னைக்கி கச்சேரி" என்று ஒருவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். குளத்தங்கரை வந்தது. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் பெரிய குளம், நடுவில் கரைமேல் ரோடு, தடுப்புக் கல் கிடையாது. மாமனின் தட்டு வேகமாக வந்தது. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. அவருடைய சட்டை முதுகு நனைந்திருந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை அந்தத் தாளத்துக்குக் கை தட்டிக்கொண்டு வந்தது. நான் கூடையின் ஓலையைக் கடித்துக்கொண்டேன், கத்திவிடக் கூடாதென்று.

ஊரில் இறங்கினேன். அம்மா என்னைக் காணாமல் தேடிக்கொண்டு ரோட்டுக்கே வந்திருந்தாள். அந்த வண்டியிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்ததும் அவள் வாய் கோணிவிட்டது. ஓடி வந்து என் கை கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பிறகு முதுகில் அடித்தாள், அப்படி அடித்தாள். "ஒன்ன இதுல ஏறச் சொன்னேனா? ஏறச் சொன்னேனாட்டி?" அழுதுகொண்டே அடித்தாள்.

அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் தன் பிள்ளையை மட்டும் அந்த வண்டியில் ஏறவிடாமல் வைத்திருந்தாள். கை தட்டிக்கொண்டு வந்த குழந்தை யார் பிள்ளையோ. என் அம்மாவைப் போல நல்லவள் யாருமில்லை என்று நான் இன்றும் சொல்வேன். அதையும் சொல்லுவேன், இதையும் சொல்லுவேன். இரண்டும் உண்மை.

வீட்டுக்கு வந்ததும் நான் பேசிவிட்டேன். "அப்பா, தொட்டியில மீனே இல்ல. நேத்தே செத்துப்போச்சு." மாமன் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அப்பா, "பிள்ளைக்கும் தெரிஞ்சாச்சா" என்றார், அவ்வளவுதான்.

"டிரைவருக்குக் கண்ணு இல்லன்னு வெளிய தெரிஞ்சா, அத்தானுக்கு இந்தச் சென்மத்துல வண்டி தொடமுடியாது" என்றார் மாமன் என்னிடம். "சரியாப்போவும், சரியாப்போவும்னு ஒரு வருசம் ஓட்டிட்டோம் மக்கா."

மறுநாளே அம்மா இருவரையும் வேலைக்கு விடவில்லை. இருவருக்கும் காய்ச்சல் என்று முதலாளிக்குச் சொல்லியனுப்பிவிட்டு அப்பாவை மிஷன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். என்னைத் தனியே விடப் பயந்து என்னையும். டாக்டர் கண்ணைப் பார்த்ததைவிடக் கேள்வி கேட்டதுதான் அதிகம். என்ன சாப்பிடுகிறீர், என்ன சாப்பிடமாட்டீர். கேட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். "மாலைக்கண். தினம் ரெண்டு கரண்டி குடியும். பத்து நாளில் தெரியும்" என்றார்.

மீனெண்ணெய். சுறா ஈரலை உருக்கி எடுத்தது. எங்கள் கடற்கரையில் வள்ளத்துக்குப் பூசுவார்கள், குடம் குடமாக. அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நாங்கள் ஓடுவோம். ஒரு வருஷம் இருபது உயிரைப் பலகைத் தட்டில் நடத்திக்கொண்டு வந்ததற்கு மருந்து வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்திருக்கிறது. அம்மா அந்தப் பெஞ்சிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா குப்பியைத் தொடவில்லை. "எனக்கு நேர்ச்சை" என்றார்.

வீட்டுக்கு வந்து சண்டை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஆறு வயதில் அம்மை போட்டு, பிழைக்கமாட்டேன் என்று இலையில் கிடத்தியிருந்தபோது அப்பா வைத்த நேர்ச்சை அது. "பிள்ளையத் தந்திரு தாயே. அவளக் கெட்டிக் குடுக்கது வரைக்கும் உயிருள்ளது எதையும், அதுலருந்து வந்தது எதையும் வாயில வைக்கமாட்டேன்." அவர் கண் போனது எனக்காக. "குடிங்கப்பா, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றேன். என்னை ஒரு அறை விட்டார். அப்பா என்னை அடித்தது அது ஒன்றுதான்.

விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் விழுகிற ஆள் என்று அம்மா திட்டித் தீர்த்தாள். பிறகு உட்கார்ந்து யோசித்தாள். "கெட்டிக் குடுக்கது வரைக்கும்னுதானே சொன்னிய? யாருக்குன்னு சொல்லலியே" என்றாள்.

ஊரில் தோஷமுள்ள பெண்களுக்கு வாழைமரத்தோடு தாலி கட்டிவிட்டு, பிறகு மரத்தை வெட்டிப்போடுவார்கள் இல்லையா, அதைத்தான் செய்வதென்று முடிவு செய்தாள். அப்பா, "அம்மனை ஏமாத்தவா?" என்றார். "இருபது பேர ஏமாத்தினிய. அம்மன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலை, கொல்லையில், பூசாரியை வைத்து எனக்கும் ஒரு பேயன் வாழைக்கும் கல்யாணம் நடந்தது. பட்டுப்பாவாடை, மாலை, மஞ்சள் கயிறு எல்லாம் உண்டு. அடுத்த வீட்டு அக்கா குரவையிட்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தாலி ஏறிய கையோடு மாமன் வெட்டுக்கத்தியை எடுத்து ஒரே வீச்சில் மரத்தைச் சாய்த்தார். குலை தள்ளியிருந்த மரம். பூசாரி என் கழுத்துக் கயிற்றை அறுத்தார். என்னைத் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிக்கச் சொன்னார்கள். வாழைநீர் மண்ணில் வடிவதைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். பின்னால் எனக்கு வரன் பார்க்க வந்த இடங்களில் இரண்டு பேர், "ஒருதரம் அறுத்தவளாமே" என்று எழுந்து போனது தனிக் கதை.

அப்பா அன்றைக்கே இரண்டு கரண்டி குடித்தார். குடித்துவிட்டு என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கரண்டி உள்ளே போகும், கை என் நெற்றிக்கு வரும். ராத்திரி நான் தும்மினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். டாக்டர் சொன்ன பத்து நாள்கூட ஆகவில்லை. எட்டாம் நாள் அந்தியில் முற்றத்தில் தென்னையடியில் நின்றவர், "அந்தத் தெங்குல எத்தன கொலைன்னு எண்ணட்டா?" என்று கேட்டு எண்ணினார். சரியாக எண்ணினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சந்தைக்கென்று கோட்டாற்றுக்கு வந்தாள். வேண்டுமென்றே ஆறேகால் வண்டிக்குக் காத்து நின்று ஏறினாள். ஒரு வருஷத்தில் அவள் அந்த நேரத்து வண்டியில் கால் வைத்தது அன்றுதான். முன்வரிசையில் உட்கார்ந்தோம். மாமன் பின்னால் நின்றுகொண்டு தன் பாட்டுக்கு வெற்றிலை போட்டார். தட்டு இல்லை.

"கச்சேரி இல்லியா?" என்று யாரோ கேட்டார்கள்.

குளத்தங்கரை ஏறினோம். வானத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. கரை நடுவே அப்பா வண்டியை நிறுத்தினார். இறங்கினார். முன்னால் போய்க் குனிந்து ரோட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மாமன் இறங்கினார், அம்மாவும் நானும் இறங்கினோம்.

குளத்துப் பக்கம், கரையின் விளிம்பில், புல் செத்து ஒரு நீளக் கோடு கிடந்தது. சக்கரத் தடம். பகலில் நடுரோட்டில் ஓட்டிப்போகிறவர் அந்த விளிம்பைக் கவனித்ததில்லை. தடத்துக்கும் குளத்துக்கும் நடுவே என் கையால் ஒரு சாண்கூட இல்லை. இரண்டு இடத்தில் அதுவும் இல்லை. விளிம்பு உடைந்து, தடம் பாதி அந்தரத்தில் நின்றது.

"இது யாரு வண்டி தடம்லே?" என்றார் அப்பா. கேட்டதே வீண். அந்த ரோட்டில் ஓடியது ஒரே வண்டி.

மாமன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நம்ம வண்டிதான் அத்தான்" என்றார்.

அப்பா உள்ளங்கையை அந்தத் தடத்தில் ஊன்றிக்கொண்டு குமட்டினார். ஒன்றும் வரவில்லை. எழுந்து வண்டிக்குப் போனார். ஓட்டுகிறவர் இருக்கையில் ஏறவில்லை. பயணிகள் படியில் நின்று, எல்லோரையும் பார்த்து, நடந்ததைச் சொன்னார். தனக்கு ஒரு வருஷம் அந்திக்குமேல் கண் தெரியாமல் இருந்ததையும், மாமன் தட்டியதையும், இப்போது தெரிகிறது என்பதையும். குரலை உயர்த்தவில்லை. யாருடைய பெயரையும் மறைக்கவில்லை.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். மீன்கார அம்மைதான் முதலில் எழுந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, அப்பாவைத் தாண்டி இறங்கி, வயல் பக்கமாக ஒதுங்கி நடக்கத் தொடங்கியது. பிறகு குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள். பிறகு ஒவ்வொருவராக. கடைசி ஆளும் இறங்கியபின் வண்டிக்குள் யாரும் இல்லை. அம்மா அந்தச் செத்த புல்லை ஒருதரம் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனபின் நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா படியிலேயே நின்றார். நாங்கள் இத்தனை பேரும் நடந்து போவது, அந்த மங்கலிலும், அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.